ஜெனிட்டாவுக்கு வழிவிட்ட வண்டி

முட்டுக்காடு ஸ்டாப்பிங்கில் ஜெனிட்டா வண்டிக்காகக் காத்திருந்தாள். வண்டி ஜெனிட்டாவுக்காகக் காத்திருந்தது. இருவருக்கும் நடுவே ஒரு மாடு படுக்கும் அளவுக்குத்தான் இடைவெளி. ஆனால் கதவு திறக்கவில்லை.

“முன்னே ஓர் ஊர்தி நிற்கிறது,” என்றது வண்டி. கதவுக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல், வானொலியில் செய்தி வாசிக்கிற பதவிசோடு பேசியது. “அது கடந்து செல்லும்வரை பொறுத்திருப்போம். உங்கள் பொறுமைக்கு நன்றி.”

ஜெனிட்டா கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். ஊர்தி எதுவும் இல்லை. இளநீர்க்காரனுடைய தள்ளுவண்டிகூட இன்னும் வந்து சேரவில்லை.

“உன்னியத்தான் சொல்லுது,” என்றாள் சந்திரம்மா. அவள் ஜெனிட்டாவின் பக்கத்து வீட்டுக்காரி. ஸ்டாப்பிங் ஓரத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவள். “நீதான் ஊர்தி.”

“நான் எங்கக்கா ஊர்தி? நான் ஆளு.”

“என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அதுகிட்ட சொல்லு.”

ஜெனிட்டா அதனிடமே சொன்னாள். “நான் ஏறணும். கதவத் தொற.”

வண்டி யோசித்தது. “முன்னே நிற்கும் ஊர்தி ஒலி எழுப்புகிறது,” என்று உள்ளே இருந்த பயணிகளுக்கு அறிவித்துவிட்டு, மரியாதையாகக் கொஞ்சம் பின்வாங்கி, அவளுக்கு இன்னும் அகலமாக வழிவிட்டது.

ஜெனிட்டாவுக்குச் சின்ன வயதில் போலியோ. கால்கள் இரண்டும் பெயருக்குத்தான். அவள் வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே மணல் பாதை. சக்கர நாற்காலியின் சின்னச் சக்கரம் அந்த மணலில் முளைக்குச்சி மாதிரி இறங்கி நின்றுவிடும். அதனால் அவளுக்கு அரசாங்கம் கொடுத்த மூன்று சக்கர சைக்கிள்தான் கால். பெடலை இரண்டு கையாலும் சுற்றினால் மணல், மேடு, பள்ளம் எல்லாவற்றையும் தாண்டி வரும். அந்தச் சைக்கிளில் அவள் முட்டுக்காடு முழுவதும் போவாள். ஆனால் கேளம்பாக்கம் போக முடியாது. கடற்கரைச் சாலையில் காரும் பஸ்ஸும் பறக்கிற பறப்பில் ஒரு கைப்பெடல் சைக்கிளுக்கு ஓரமே கிடையாது.

கேளம்பாக்கத்தில்தான் அவளுக்கு வேலை. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் குடியிருக்கிற அடுக்குமாடி வளாகத்தின் அலுவலகத்தில், குடியிருப்பவர்கள் போன் செய்து சொல்கிற குறைகளைக் கேட்டு ஆள் அனுப்புவாள். தண்ணீர் வரவில்லை, மேல்வீட்டில் உரல் இடிக்கிறார்கள், லிஃப்டில் யாரோ மாம்பழக் கொட்டை போட்டிருக்கிறார்கள். போன் எடுத்த வேகத்திலேயே எதிரில் இருப்பவர் திட்டப்போகிறாரா அழப்போகிறாரா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இதுவரை அவளைத் தம்பி ஆல்வின்தான் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தான். அவன் குட்டியானை வேனில் குடிதண்ணீர் கேன் போடுகிறவன். கேன்களுக்கு நடுவே சைக்கிளையும், சைக்கிள் மேல் அக்காவையும் ஏற்றிக்கொண்டு போவான். இப்போது அவனுக்கு மறைமலை நகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. காலை ஷிப்ட். குட்டியானையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

வளாகத்தின் மேலாளர் தமிழ்வாணன் கெட்டவர் இல்லை. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, “ஒரு மாசம் பாப்போம்மா,” என்றார். “ஒன்பது மணிக்கு போன் அடிக்க ஆரம்பிச்சுடும். நீங்க சீட்டுல இருக்கணும். இல்லேன்னா வேற ஏற்பாடுதான்.”

ஷேர் ஆட்டோக்காரர்கள் அவளை ஏற்ற மாட்டார்கள். சைக்கிளைத் தூக்கிக் கட்டி முடிப்பதற்குள் பின்னால் வருகிறவன் சவாரியை அள்ளிக்கொண்டு போய்விடுவான். அந்தச் சமயத்தில்தான் ஓட்டுநர் இல்லாத இந்த ஷேர் வண்டி வந்தது. ஒரு கம்பெனி வெள்ளோட்டம் விட்டிருந்தது. முட்டுக்காட்டிலிருந்து கோவளம் வழியாகக் கேளம்பாக்கம். பக்கவாட்டில் ‘எல்லாருக்குமான வண்டி’ என்று எழுதி, சக்கர நாற்காலியில் ஒருவர் சிரித்துக்கொண்டே ஏறுகிற படமும் போட்டிருந்தார்கள். ஏறுவதற்குப் பலகை தானாக இறங்கும். யாரும் தூக்க வேண்டாம், யாரையும் கெஞ்ச வேண்டாம். வண்டியை ஊரில் ‘தானா வண்டி’ என்றார்கள். ஜெனிட்டா அதைப் பார்த்த அன்று சர்ச்சில் இரண்டு மெழுகுவர்த்தி கூடுதலாகக் கொளுத்தினாள்.

இப்போது அது அவளைப் பார்த்து வழிவிட்டுக்கொண்டிருந்தது.

வண்டிக்குள் முன்சீட்டில் கம்பெனி உடுப்போடு கலையரசன் உட்கார்ந்திருந்தார். இருபது வருஷம் கோவளத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். ஜெனிட்டாவைத் தூரத்தில் பார்த்தாலே வேகத்தைக் கூட்டிய ஆட்டோக்களில் அவருடையதும் ஒன்று. இப்போது அவருக்குப் ‘பயணத்துணை’ என்று பதவி. எதையும் தொடாமல் இருப்பதுதான் வேலை. எழுந்தால், பெல்ட்டைக் கழற்றினால், ஏதோ ஆபத்து என்று நினைத்து வண்டி படுத்துவிடும். பிறகு மாமல்லபுரத்துக் கம்பெனி அலுவலகத்திலிருந்து ஆள் வந்துதான் எழுப்ப வேண்டும். அவருடைய வலது கை மட்டும் அவ்வப்போது தானாக எழுந்து, இல்லாத ஹாரனை அமுக்கிவிட்டு வந்து மடியில் உட்கார்ந்துகொள்ளும்.

“அண்ணே, நீங்களாவது சொல்லுங்களேன்!” என்று கத்தினாள் ஜெனிட்டா.

“நான் சொன்னா கேக்குதா?” என்று கண்ணாடிக்குள்ளிருந்து கையை விரித்தார் கலையரசன். “என் பொண்டாட்டிகூட ஒரு வாட்டி கேப்பா. இது சுத்தமா கேக்காது.”

கடைசியில் சந்திரம்மாதான் சைக்கிளை ஓரமாகத் தள்ளினாள். “தடை நீங்கியது. நன்றி,” என்று சொல்லிவிட்டு வண்டி போயிற்று.

அன்று ஜெனிட்டா யார் யாரையோ கெஞ்சி ஒரு மீன் லாரியில் சைக்கிளோடு போய்ச் சேர்ந்து, கம்பெனிக்குப் போன் செய்தாள். குறை கேட்கிற தொழிலில் இருக்கிறவள் குறை சொன்னால் அது நேராக இருக்கும். மறுநாளே கீர்த்தனா என்கிற இன்ஜினீயர் பெண் வந்து மணலில் முட்டிபோட்டு சைக்கிளை அளந்தாள், படம் எடுத்தாள். மறைக்காமல் சொன்னாள்.

“வீல்சேர் அதுக்கு நல்லா தெரியும் மேடம். வெளிநாட்டுல ஆயிரக்கணக்கான படம் காட்டிப் பழக்கியிருக்காங்க. உங்க சைக்கிள் மாதிரி அது பார்த்ததே இல்ல. மூணு சக்கரம், செயின், பெடல். அதனால வண்டின்னு முடிவு பண்ணிடுது. மேல உக்காந்திருக்கிற நீங்க டிரைவர்.”

“ஏத்தறதுக்கு இன்னா பண்ணணும்?”

“பழக்கணும். அதுக்கு நிறையப் படம் வேணும். மேலிடத்துல கேட்டு, முறை வந்து... ரெண்டு மாசமாவது ஆகும்.”

ஜெனிட்டாவிடம் இருந்தது ஒரு மாசம்.

அந்த வாரமே கலையரசன் ஒரு சேதி கொண்டுவந்தார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அவள் சைக்கிள் பக்கத்தில் நின்று, யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

“கோவளம் திருப்பத்துல செங்கல்வராயன் பேனர் கீது பாத்தியா? அரிசி மண்டிக்காரரு. கண்ணீர் அஞ்சலி.”

“பாத்தேன். ஆள் உசரம். கையில கோலு வெச்சிகினு.”

“அவருக்கு வண்டி நிக்குதும்மா. ஒவ்வொரு வாட்டியும் நிக்குது. கதவு தொறக்குது. ‘பெரியவர் வருகிறார், அனைவரும் பொறுத்திருப்போம்’னுது. பலக எறங்குது. அவரு செத்து காரியமே முடிஞ்சிட்ச்சு. எப்டி வருவாரு? உள்ள கீறவங்க எல்லாம் ‘அவரு வரமாட்டாரு, நீ போ நைனா’ன்னு கத்தறாங்க. ம்ஹும்.”

“அப்புறம்?”

“அந்தம்மா சாரதாம்பாள், அவரு சம்சாரம், கடைக்கு வந்தது பாத்துட்ச்சு. அங்கியே நின்னு அழுவுது. பெத்த புள்ளைங்ககூட அவருக்காக ஒரு நிமிசம் நிக்கலியாம். இது நிக்குதாம். நேத்து வண்டிக்கு சுண்டல் கொண்டாந்து குடுத்துட்ச்சு.”

ஜெனிட்டா சிரிக்கவில்லை. பெடலில் கை வைத்தபடி யோசித்தாள். செத்தவருக்குப் பலகை இறங்குகிறது. தனக்கு வழிவிடுகிறது. ஆக, வண்டிக்கு ஆள் என்றால் ஆளின் படம் போதும்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்த ஆல்வினை இழுத்துக்கொண்டு, ஊருக்குள் இருந்த ஆனந்தனுடைய பேனர் கடைக்குப் போனாள். ஆனந்தன் ஆல்வினோடு படித்தவன். முட்டுக்காட்டில் யார் காது குத்தினாலும், யார் செத்தாலும் அவன்தான் அச்சடிக்க வேண்டும்.

“இன்னா விசேசம் அக்கா?”

“விசேசம் ஒண்ணுமில்ல. என் படம் ஒண்ணு, ஆள் உசரத்துல.”

ஆனந்தன் மௌஸை விட்டுவிட்டான். “விசேசம் இல்லாம எப்டிக்கா பேனரு? பொறந்தநாளா, கல்யாணமா, மஞ்சத்தண்ணியா? நீ உசுரோட கீற, அதனால அஞ்சலி வேணாம்.”

“வேலைக்கிப் போறதுக்குடா.”

“வேலைக்கிப் போறது விசேசமா?”

“எனக்கு விசேசம்தான்.”

‘பணிக்குச் செல்லும் சகோதரியை வாழ்த்தி வழியனுப்பும்’ என்று ஆனந்தன் முதல் வரியை அடித்தான். முதலில் பட்டுப்புடவை கட்டி நிற்கிற ஒரு கல்யாணப் பெண்ணின் உடம்பில் அவள் தலையை ஒட்டினான். ஜெனிட்டா வேண்டாம் என்றாள். நாற்காலி இருந்தால்தானே பலகை இறங்கும். அவனிடம் இருந்த ஒரே சக்கர நாற்காலிப் படத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பழுப்பு ஸ்வெட்டர் போட்டு, முழங்காலில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். கிழவரின் தலையை எடுத்துவிட்டு ஜெனிட்டாவின் தலையை வைத்து, ஸ்வெட்டர் மேலே ஒரு புடவைத் தலைப்பைப் போட்டான். கை மட்டும் கிழவருடையதாகவே இருந்தது, நரம்பும் மோதிரமுமாக.

“அக்கா,” என்றான் ஆல்வின், “மீச ஒண்ணுதான் கொறச்சல்.”

“பேசாம இருடா.”

வாழ்த்துகிறவர்களின் முகம் இல்லாமல் ஒரு பேனர் அந்தப் பக்கத்தில் அச்சானதே இல்லை. ஆல்வின், ஆனந்தன், இளைஞர் மன்றத் தலைவர் சின்னையன், மன்றத்துப் பையன்கள் என்று கீழ்வரிசையில் வட்டம் வட்டமாக முகங்களை அடுக்கினார்கள். எல்லாருக்கும் கறுப்புக் கண்ணாடி. காலையில் ஸ்டாப்பிங்கில் கட்டியபோது ஊரே வந்து பார்த்தது.

வண்டி வந்தது. நின்றது.

“வணக்கம். பெரியவர் ஒருவரும் குழந்தைகள் பலரும் காத்திருக்கிறார்கள்,” என்றது வண்டி. “அனைவருக்கும் இருக்கை இல்லை. ஒரே குடும்பத்தைப் பிரித்து ஏற்ற எனக்கு மனமில்லை. அடுத்த வண்டியில் வருக.”

போய்விட்டது.

“யாரு குழந்த?” என்றான் சின்னையன். அவனுக்கு நாற்பது வயது. முழங்கால் உயரத்தில் இருந்த தன் முகத்தைக் குனிந்து பார்த்தான். “கண்ணாடி போட்டுகினு கீறேன், நான் குழந்தயா?”

கீழ்வரிசை முகங்களை எடுத்துவிட்டு இன்னொன்று அடிக்கலாம் என்று ஜெனிட்டா சொன்னதும் மன்றத்தில் பெரிய தகராறு. முகம் வேண்டாம் என்றால் வாழ்த்து வேண்டாம் என்றுதானே அர்த்தம்? நாளைக்கு ஒரு நல்லது கெட்டது என்றால் யார் வருவார்கள்? ஆனந்தன்தான் நடுவழி கண்டுபிடித்தான். முன்பக்கம் ஜெனிட்டா மட்டும். வாழ்த்துவோர் அத்தனை பேரும் பேனரின் பின்பக்கம். பின்பக்கம் கழிமுகத்தைப் பார்த்து இருந்தது. அன்றிலிருந்து சின்னையனும் மன்றமும் கறுப்புக் கண்ணாடியோடு மீன்களையும் கொக்குகளையும் வாழ்த்திக்கொண்டு நின்றார்கள்.

இந்தத் தடவை வண்டி நின்றது. “வணக்கம் அம்மா. வருக,” என்றது. பலகை சரசரவென்று இறங்கியது. ஜெனிட்டா பக்கவாட்டிலிருந்து சைக்கிளைச் சுற்றிக்கொண்டு வந்து பலகையில் ஏறினாள்.

“பயணச்சுமை ஏற்றப்படுகிறது,” என்றது வண்டி. “உடைமைகளை ஓரமாக வைக்கவும்.”

தன்னைத்தான் சொல்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அதற்காக இறங்கிப் போகவா முடியும்? ஓரமாக நின்றுகொண்டாள். வண்டி புறப்படவில்லை. சாமான் ஏறிவிட்டது, சாமானுக்குச் சொந்தக்காரி இன்னும் வெளியே உட்கார்ந்திருக்கிறாளே என்று பேனரைப் பார்த்துக் காத்திருந்தது.

“அக்கா, கயிற இழு!” என்று கத்தினாள் ஜெனிட்டா.

சந்திரம்மா மீன் கையோடு ஓடிப்போய், ராத்திரிக் காற்றுக்குப் பேனரைச் சுருட்டிவைக்க ஆனந்தன் போட்டிருந்த கயிற்றை இழுத்தாள். பேனர், கடைவாசல் படுதா மாதிரிச் சுருண்டு மேலே ஏறியது.

“பயணி அமர்ந்துவிட்டார். புறப்படுவோம்.”

உப்பளங்களைத் தாண்டிக் கேளம்பாக்கம் வந்து, வளாகத்து வாசலில் இறங்கி, போன் அடிக்கும் முன்னால் அவள் சீட்டில் இருந்தாள். சாயங்காலம் திரும்புவதற்கு வாசலில் அதே பேனரின் நகல் ஒன்று. அதைச் சுருட்டுவது காவலாளியின் பொறுப்பு. தினமும் சாமானாகப் போய்ச் சாமானாகத் திரும்பினாள். “சாமான் சௌக்கியமா?” என்று விசாரிப்பார் கலையரசன். அவளுக்குக் கோபம் வரும், சிரிப்பும் வரும். ஆனால் யாரிடமும் கேட்காமல் வேலைக்குப் போவது எப்படியிருக்கும் என்று முப்பத்து நான்கு வயதில் அவளுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது.

கெடுதல் சந்திரம்மாவிடமிருந்து ஆரம்பித்தது. பேனர் வண்டியை நிறுத்தி வைக்கிறது, சுருட்டும்வரை வண்டி நகராது என்பதைத் தினமும் கண்ணால் பார்த்தவள் அவள். பஸ் ஜன்னலில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஊரில் இதற்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அவள் தெரு சாலையைத் தொடுகிற முனையில் ஒரு சந்திரம்மா பேனர் எழுந்தது. அது வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். சந்திரம்மா வீட்டுக்குள் ஆற அமர நாஸ்தா முடித்து, வெற்றிலை மடித்து, அப்புறம் வந்து ஏறுவாள். அடுத்த வாரம் அவள் எதிர்வீடு. அதற்கடுத்த வாரம் தெருவே. கோல் ஊன்றியவர்களுக்கு வண்டி அதிக நேரம் காத்திருக்கிறது என்பதைச் செங்கல்வராயன் பேனரிலிருந்து எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். அதனால் கல்லூரிப் பையன்கள்கூடக் கையில் கோலோடு அச்சானார்கள். ஆனந்தன் இரண்டாவது மெஷின் வாங்கினான்.

முட்டுக்காட்டிலிருந்து கோவளம் போவதற்குள் வண்டி நாற்பது பேருக்கு வணக்கம் சொன்னது. உள்ளே இருந்தவர்கள் தூங்கி எழுந்து மறுபடி தூங்கினார்கள். கலையரசனின் வலது கை பைத்தியம் பிடித்த மாதிரி காற்றில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

மாமல்லபுரத்திலிருந்த கம்பெனி அலுவலகத்தில் மட்டும் பெரிய சந்தோஷம். அங்கே கணினித் திரையில் முட்டுக்காடு சிவப்பாக ஒளிர்ந்தது. இத்தனை பேர், வெயில் மழை பாராமல், ராப்பகலாகச் சாலையோரம் நிற்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் வயதானவர்கள்! இப்படியொரு தேவை வேறெங்குமே இல்லை என்று மேலதிகாரிகள் நெகிழ்ந்துபோனார்கள். மாமல்லபுரம் தடத்தில் ஓடிய வண்டிகளையும் எடுத்து முட்டுக்காட்டுக்கு அனுப்பினார்கள். மாமல்லபுரத்தில் உண்மையான ஆட்கள் வெயிலில் நிற்க, முட்டுக்காட்டில் பேனர்களுக்கு வரிசையாக வண்டிகள் நின்றன. கூடுதல் வண்டிகளின் தொடக்க விழாவுக்கு வந்த கம்பெனி இயக்குநருக்கு வரவேற்பு பேனர் வைத்திருந்தார்கள். வண்டி, பேனரில் இருந்த இயக்குநருக்குக் கதவைத் திறந்துவிட்டு, அவரை ஏற்ற முடியாமல் கால்மணி நேரம் மன்றாடியது. சாலையின் எதிர்ப்பக்கம் நின்ற நிஜ இயக்குநர் ஷேர் ஆட்டோவில் போனார்.

ஜெனிட்டா தொடர்ந்து தாமதமானாள். ஒருநாள் தமிழ்வாணன் அவளுடைய போனை அவரே எடுத்து, யாரோ ஒரு அம்மாளிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“திங்கக்கிழமை கடைசி. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க.”

ஜெனிட்டா மதியம் கீர்த்தனாவுக்குப் போன் போட்டாள்.

“உங்க கம்ப்ளெயின்ட் முடிஞ்சிடுச்சுன்னு காட்டுதே மேடம்,” என்றாள் கீர்த்தனா. “தினமும் ஏறுறீங்கன்னு சிஸ்டத்துல இருக்கு.”

“நான் ஏறல. என் பேனரு ஏறுது. நான் சாமான்.”

ஜெனிட்டா எல்லாவற்றையும் சொன்னாள். கிழவரின் உடம்பு, கயிறு, வீட்டுக்கு வீடு பேனர், கோல். சொல்லச் சொல்ல அந்தப் பக்கத்தில் மூச்சு மாறுவது அவளுக்குக் கேட்டது. திட்டுகிற மூச்சா, அழுகிற மூச்சா என்று இந்தத் தடவை அவளால் சொல்ல முடியவில்லை.

“அத்தனை பேரும் பேனரா?” என்றாள் கீர்த்தனா கடைசியில். “நைட்டு ரெண்டு மணிக்கு நிக்கிறவங்களும்?”

“அவங்கதான் மொதல்ல பேனரு.”

கீர்த்தனா சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், பிறகு நிறுத்தினாள். “அசையாதது ஆள் இல்லைன்னு நான் சொல்லிக்கொடுக்கலாம். அது சுலபம். ஆனா அன்னையிலேருந்து உங்க பேனரும் வேலை செய்யாது மேடம். உங்க சைக்கிள் அதுக்கு இன்னும் தெரியாது. யோசிச்சுச் சொல்லுங்க.”

ஜெனிட்டா யோசித்தாள். பேனர் இருந்தாலும் திங்கட்கிழமை தாமதம்தான். பேனர் போனால் வண்டியே இல்லை.

“சைக்கிள் படம் எவ்ளோ வேணும்?”

“நிறைய. ஓடுறது, நிக்கிறது, முன்பக்கம், பின்பக்கம். எங்க போய் எடுக்கிறது? வெளிநாட்டுல இந்தச் சைக்கிளே இல்ல.”

“ஞாயித்துக்கெழம வண்டிய எடுத்துகினு படகுத்துறை மைதானத்துக்கு வாங்க. பூச முடிஞ்ச ஒடனே.”

சைக்கிள் வாங்கிய முகாமிலும், சான்றிதழ் புதுப்பிக்கிற வரிசையிலும் பழகியவர்கள் அவளுக்கு மாவட்டம் முழுக்க இருந்தார்கள். ஒருவர் விடாமல் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை குட்டியானையிலும், டிராக்டரிலும், யாரோ ஒருவருடைய மச்சான் ஓட்டுகிற மணல் லாரியிலும் சைக்கிள்கள் வந்து இறங்கின. செங்கல்பட்டிலிருந்து வந்தது. திருப்போரூரிலிருந்து வந்தது. கருங்குழியிலிருந்து ஆபிரகாம் என்கிற பெரியவர், சைக்கிளுக்குக் குடை கட்டி, இரண்டு பக்கமும் பொரி பாக்கெட் தொங்கவிட்டு, ரேடியோ பாடிக்கொண்டு வந்தார். வியாபாரத்தையும் ஒரு கை பார்க்கலாம் என்று.

நடுவில் வண்டியை நிறுத்தி, சுற்றிச் சுற்றி எல்லாரும் ஓட்டினார்கள்.

“கடும் போக்குவரத்து நெரிசல்,” என்றது வண்டி. “மாற்றுப்பாதை தேடப்படுகிறது. மாற்றுப்பாதை இல்லை. முன்னே ஒரு கடை நகர்ந்து வருகிறது.”

“யாருடா கடை?” என்று ரேடியோவை அணைத்தார் ஆபிரகாம்.

“கோச்சுக்காதீங்க பெரியவரே,” என்றார் கலையரசன் உள்ளேயிருந்து. “பொரி ஒண்ணு குடுங்க, அப்பவாவது வாய மூடுதா பாப்போம்.”

கீர்த்தனா, மேலிடத்து முறைக்குக் காத்திராமல், மடிக்கணினியோடு மணலில் உட்கார்ந்து ஏதோ தட்டிக்கொண்டே இருந்தாள். மதியத்துக்கு மேல் வண்டி ‘ஊர்தி’ என்பதை விட்டு ‘ஊர்தியில் ஒருவர்’ என்று சொல்ல ஆரம்பித்தது. வெயில் சாய்கிற நேரத்தில் ஆபிரகாமைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கி, “கடையில் ஒரு பயணி,” என்றது. அதற்கு மேல் அவரை நகர்த்த முடியவில்லை. ஜெனிட்டாவை வண்டி பார்த்த பார்வையில் என்ன முடிவானது என்று கீர்த்தனாவாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. “நாளைக்குத்தான் தெரியும்,” என்றாள்.

திங்கட்கிழமை காலையில் முட்டுக்காட்டுப் பேனர்கள் எல்லாம் கையைக் கூப்பிக்கொண்டும் கோலை ஊன்றிக்கொண்டும் நிற்க, வண்டி அவற்றைத் திரும்பியும் பார்க்காமல் வந்தது. வீடுகளிலிருந்து பல் துலக்கிய நுரையோடும், ஒரு கால் பேண்டுக்குள்ளும் ஒரு கால் வெளியேயுமாக ஆட்கள் ஓடிவந்தார்கள். ஜெனிட்டா ஸ்டாப்பிங்கில் சைக்கிளில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பேனர் சுருட்டியே இருந்தது.

வண்டி நின்றது.

“தாங்கள் படம் அல்ல என்பதை உறுதிசெய்ய, கையசைக்கவும்.”

அவள் கையை அசைத்தாள்.

“வணக்கம் அம்மா,” என்றது வண்டி. “வருக.” பலகை இறங்கியது.

அவள் ஏறினாள். பயணச்சுமை என்று யாரும் சொல்லவில்லை. கலையரசன் திரும்பிப் பார்த்து கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி முன்பக்கம் திரும்பிவிட்டார்.

அடுத்தது சந்திரம்மா. அன்றைக்குக் கடலில் நல்ல மீன்பாடு. கேளம்பாக்கம் மார்க்கெட்டுக்கே கொண்டுபோய் விற்கலாம் என்று தலையில் நிறைந்த கூடை. இரண்டு கையும் கூடையைப் பிடித்திருந்தன.

“கையசைக்கவும்.”

“கூட கீது.”

“அசைவு இல்லை. இது ஒரு படம். பலகை மடக்கப்படுகிறது.”

“யாருடி படம்? உன் ஆயா படம்! காலங்காத்தால ஐஸ் தலையில ஒழுவுது, என்னிய பாத்தா படமாட்டம் கீதா?”

பேசுவதை அது கணக்கில் எடுக்கவில்லை. கூடையைச் சந்திரம்மா தனியாக இறக்க முடியாது. வழியிலேயே ஓடிவந்து ஏறியவர்கள் உள்ளே உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி இப்போதே கிளம்பினால் ஜெனிட்டா நன்றாகவே போய்ச் சேருவாள். அவள் தன் சைக்கிளின் பின்சக்கரத்தைப் பார்த்தாள். அது இன்னும் பலகையின் விளிம்பில் இருந்தது. அதை அவள் உள்ளே இழுக்கவில்லை. பிரேக்கைப் போட்டாள்.

“பலகையில் ஒரு பயணி உள்ளார். பொறுத்திருப்போம்.”

“அக்கா, ஆடு!” என்றாள் ஜெனிட்டா.

“இன்னாடி?”

“கையி வேணாம். இடுப்ப ஆட்டு. அதுக்கு அசையணும், அவ்ளோதான்.”

“நடு ரோட்லயா? எம்மருமவன் பாத்தா இன்னா நெனைப்பான்?”

“எனக்கு வேல போவுதுக்கா!”

சந்திரம்மா வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள். கூடையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இடுப்பை ஒரு வெட்டு வெட்டினாள். போதவில்லை. இன்னொரு வெட்டு. பிறகு, திருவிழாவில் கரகம் எடுத்த காலம் உடம்புக்கு ஞாபகம் வந்தோ என்னவோ, கூடை ஒரு துளி அசையாமல் உடம்பு மட்டும் பாம்பாக நெளிந்தது. வண்டிக்குள் பேண்டை மாட்டிக்கொண்டிருந்தவன் விசிலடித்தான்.

“வணக்கம் அம்மா,” என்றது வண்டி. “மிக்க நன்றி. போதும்.”

கோவளம் வரைக்கும் சந்திரம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை. உப்பளம் தாண்டியதும், “நல்லா இருந்துச்சா?” என்று ஜெனிட்டாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

வளாகத்து வாசலில் பலகை இறங்கியபோது கலையரசன், “போ, போ, பாத்து போ,” என்றார். ஜெனிட்டா பெடலை இரண்டு கையாலும் சுற்றினாள். சரிவில் ஏறி, காவலாளியைத் தாண்டி, அலுவலகத்துக்குள் போனாள். உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. சைக்கிளை மேஜையோடு சேர்த்து நிறுத்திவிட்டு எடுத்தாள். ஏழாவது மாடியிலிருந்து ஒருவர். தண்ணீர்த் தொட்டியில் காக்கை குளிக்கிறதாம்.

தமிழ்வாணன் உள்ளே வந்தார். அவளைப் பார்த்தார், சுவரில் சரியாக ஒன்பது காட்டிய கடிகாரத்தைப் பார்த்தார், வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

“எப்படி வந்தீங்க?” என்று கேட்டார்.

ஜெனிட்டா ரிசீவரைக் காதில் வைத்தபடி, கொஞ்சம் இருங்கள் என்று அவருக்குக் கையைக் காட்டிவிட்டு, “சொல்லுங்க சார்,” என்றாள் போனில். “ஒரு காக்காவா, ரெண்டா?”